துல்லியம், நுட்பம்: திங்களுக்குள் முடிவு வேண்டும்

அம்பத்தூரிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் செய்முறைக் கையேட்டைத் தமிழாக்குகிறேன்; திங்களன்று அச்சுக்குப் போகிறது. அக்யூரசி (அளவு உண்மை அளவை ஒட்டியிருப்பது), பிரிசிஷன் (திரும்பத் திரும்ப அளந்தாலும் அளவுகள் ஒத்துவருவது) இரண்டுக்குமே பழைய பதிப்பில் ‘துல்லியம்’தான். நேற்று ஒரு பையன் சுழிப்பிழையுள்ள (மூடியிருக்கும்போதே சுழியம் காட்டாத) வெர்னியர் அளவியால் இரும்பு உருளையின் விட்டத்தை ஐந்து தடவை அளந்தான். ஐந்திலும் 1.24 செ.மீ. உருளையோ 1.20. “துல்லியமா இல்லையா சார்?” என்கிறான். என்ன சொல்ல?

பெரம்பூர்:
துல்லியம், நுட்பம் என்று பிரித்துவிடுங்கள் தம்பி. எங்கள் தெருக் காய்கறிக் கடைத் தராசில் 950 கிராம் வைத்தால் ஒரு கிலோ காட்டும். ஒருநாளும் மாற்றிக் காட்டியதில்லை. நுட்பம் உண்டு, துல்லியம் இல்லை.

மயிலாப்பூர்:
துல்லியம் வடசொல், ‘துல்ய’வின் பிள்ளை. வள்ளுவர் தராசைக் காட்டியே சொல் தந்திருக்கிறாரே: ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை’. அக்யூரசி என்றால் கோடாமை, ஒருபக்கம் சாயாமை. தேடுவானேன்?

பெரம்பூர்:
‘கோடு போடாமை’ என்று பையன் எழுதி வைப்பான் ஐயா.

தாம்பரம்:
துல்யவுக்கு மூலமான துலா வடசொல்லா? கிணற்றேற்றத்தின் மேல்மரம் எங்கள் ஊரில் துலாதான். தாத்தா அதன்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார், கீழே சால் ஏறும். சமஸ்கிருதம் படித்தா மிதித்தார்? வேர் ‘துல்’. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

அடையாறு:
எழுதுங்கள், ஆனால் திங்களுக்குப் பிறகு. ‘நுட்பம்’ என்றால் மாணவர் காதில் மீச்சிற்றளவுதான் (கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) விழும்: வெர்னியரைவிடத் திருகு அளவி நுட்பமானது என்பார்கள். இங்கே பேச்சு, திரும்ப அளந்தாலும் அதே அளவு வருவதைப் பற்றி. அதற்கு ‘மாறாமை’ போதும். இன்னொரு தலைவலி: 1994-இன் ஐஎஸ்ஓ 5725 என்ற பன்னாட்டுத் தரநிலை அக்யூரசியைப் பொதுச்சொல்லாக்கி, அதற்குள் ட்ரூனெஸ், பிரிசிஷன் என இரண்டை வைக்கிறது. ஆக, மூன்று சொல் வேண்டும். ட்ரூனெஸுக்கு ‘மெய்நெருக்கம்’?

மயிலாப்பூர்:
மெய்ந்நெருக்கம். குறில்வழி யகரத்தின் முன் மெலி மிகும், அதாவது இங்கே ந் மிகும்; நன்னூல்.

தாம்பரம்:
‘மிகலுமாம்’ என்றுதானே சூத்திரம்? கட்டாயமில்லை.

அம்பத்தூர்:
நன்றி. முதலாண்டுக்கு ஐஎஸ்ஓ வேண்டாம் அம்மா, பையன்கள் ஓடிவிடுவார்கள். துல்லியம், நுட்பம் என்றே போடுகிறேன். நான்கு பேர் சரி என்று தனிமடலிட்டார்கள். கூடவே அந்தக் காய்கறித் தராசும் எடுத்துக்காட்டாகப் போகிறது.

மயிலாப்பூர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடிக்குறிப்பிலாவது கோடாமை இருக்கட்டும். ந் மிகாவிட்டாலும் பரவாயில்லை.