யாரோ கெடுத்த ஜிப்ஸியை வாங்கினேன்: எதைக் கழற்றினேன், எதை விட்டுவைத்தேன்

2006 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், பெட்ரோல் எம்பிஎஃப்ஐ இன்ஜின், 1298 சிசி. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது தெருப் பசங்க எல்லாம் கூடிவிட்டார்கள். 31 இன்ச் டயர், நெஞ்சு உயரத்துக்கு பானெட், முன்னால் இரும்புச் சானலை வெட்டி ஒட்டிய பம்பர், மேலே எல்இடி பார், பக்கவாட்டில் ஸ்நார்கல், அதாவது தண்ணீரில் போகும்போது இன்ஜினுக்கு மேலிருந்து காற்று இழுக்கும் குழாய். விலை 2 லட்சத்து 80 ஆயிரம். விற்றவர் "எல்லா வேலையும் முடிச்சாச்சு சார், பெட்ரோல் போட்டு ஓட்டுங்க, அவ்ளோதான்" என்றார். பள்ளிக்கரணை பக்கம் ஒரு காலி மனையைச் சுற்றி ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தேன். கீழே படுத்துப் பார்க்காமல் கொடுத்தது என் தப்பு.

மூன்றாம் நாள் மதுரவாயல் பைபாஸ். பின்சீட்டில் மனைவியும் மகளும். ஒரு பாலத்தின் இணைப்பில் டயர் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் தானாக இடதும் வலதுமாக உதற ஆரம்பித்தது. கொஞ்ச நஞ்சமில்லை, இரண்டு கையாலும் பிடித்தும் நிற்கவில்லை. பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. மீட்டர் அப்போது 60 காட்டியது. பிறகு கணக்குப் போட்டேன்: கம்பெனி டயர் 205/70 ஆர் 15, விட்டம் 668 மில்லிமீட்டர். 31 இன்ச் என்றால் 787. மீட்டர் 60 காட்டும்போது நான் உண்மையில் 70-க்கு மேல் போய்க்கொண்டிருந்தேன். ஓரம் கட்டி நிறுத்தியபோது மகள் ஒன்றும் பேசவில்லை. அன்று வீட்டுக்கு 30-லேயே வந்து சேர்ந்தோம்.

பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். ராணுவம், போலீஸ் கழித்த ஜிப்ஸிகளையே முப்பது வருஷமாகப் பார்ப்பவர். அவரிடம் போய், "அண்ணே, நல்ல ஷாக் அப்சார்பரும் ஸ்டியரிங் உதறலை அடக்குற ஒரு டாம்பரும் போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார். பக்கத்துக் கடையில் பையனை விட்டு ஒரு சாக்பீஸ் வாங்கிவரச் சொன்னார். கீழே படுத்து, கம்பெனி செய்யாத ஒவ்வொரு வெல்டிங்குக்கும், போல்ட்டுக்கும், ஒயர் இணைப்புக்கும் ஒரு வட்டம் போட்டுக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம். வெளியே வந்து "தம்பி, நீங்களே போய் எண்ணிப் பாருங்க" என்றார். 41 வட்டம்.

ஜிப்ஸியில் பட்டை ஸ்பிரிங் அச்சுக்கு அடியில் இருக்கும். என் வண்டியில் அதை அச்சுக்கு மேலே மாற்றி வைத்திருந்தார்கள். ஒரே வேலையில் வண்டி ஐந்து இன்ச்சுக்கு மேல் உயர்ந்துவிடும். செலவு குறைவு, பார்க்க மிரட்டலாக இருக்கும், அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். செய்யக்கூடாத வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டையை மேலே தூக்கியவர் அதோடு நிறுத்திவிட்டார். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் பழைய இடத்திலேயே இருந்தது. வண்டி உயர்ந்ததும் அந்தக் கம்பி கிட்டத்தட்ட படிக்கட்டு மாதிரி சரிந்து நின்றது. பள்ளத்தில் அச்சு மேலும் கீழும் போகும்போதெல்லாம் அந்தக் கம்பி சக்கரத்தைத் தள்ளும், இழுக்கும். நான் திருப்பாமலே சக்கரம் திரும்பும். போதாததற்கு பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் முன் ஷாக்கிளையும் நீளமாக்கியிருந்ததால் அச்சு முன்பக்கம் சாய்ந்து, காஸ்டர் கோணமும் போய்விட்டது. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராவதே அந்தக் கோணத்தால்தான்.

என்னை உலுக்கியது வேறொன்று. அண்ணன் சேஸிஸுக்கு ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தைத் தொங்கவிட்டார். "பிரேக் ஹோஸைத் தொடுங்க" என்றார். தொட்டேன். வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தது. அச்சு ஐந்து இன்ச் கீழே இறங்கியும் ஹோஸ் பழைய நீளம்தான். இரும்பு முனையில் ரப்பர் சேரும் இடத்தில், டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, தலைமுடி மொத்தத்துக்கு மூன்று வெடிப்பு. நல்ல பள்ளத்தில் ஒரு சக்கரம் முழுசாகத் தொங்கியிருந்தால் அறுந்திருக்கும். அந்த வண்டியில் என் மகளை உட்கார வைத்து பைபாஸ் போயிருக்கிறேன்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். எல்இடி பாருக்கு ரிலே இல்லை, ஹெட்லைட் ஒயரிலேயே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செப்புக் கம்பி. சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் வீல் ஸ்பேசரில் ஒரு பக்கம் இரண்டு நட் லூஸ். ஸ்நார்கலைக் கழற்றினால் உள்ளே குழாயே இல்லை. ஃபெண்டரில் துளை போட்டு ஸ்குரூ அடித்ததோடு சரி, காற்று எப்போதும் போல பானெட்டுக்குள்ளிருந்துதான் போகிறது. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரைப் பார்த்த ஏரியா எங்களுடையது. ஸ்நார்கல் இருக்கிறதே என்று நம்பி ஒருவர் தண்ணீரில் இறக்கியிருந்தால், சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது.

இப்போது என்ன செய்வது? மூன்று வழி இருந்தது.

விற்றுவிடலாம். வாங்குகிறவரிடம் 41 வட்டத்தையும் காட்டி விற்றால் பாதி விலை. காட்டாமல் விற்க மனசு வரவில்லை.

அல்லது அந்த உயரத்தை வைத்துக்கொண்டே முறையாகச் செய்யலாம்: டிராக் லிங்கை மேலே ஏற்ற புது ஸ்டியரிங் ஆர்ம், நீள பிரேக் ஹோஸ், அச்சுக்குள் ஷாஃப்ட் சேரும் பினியனின் கோணத்தைத் திருத்தி, பட்டை உட்காரும் பெர்ச்சை மறுபடி வெல்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீட்டுதல். ஜிப்ஸியில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி, ஆக மொத்தம் மூன்று ஷாஃப்ட். ஒன்றின் கோணம் தப்பினாலும் அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் போய்விடும். எனக்கு ஆசை இதில்தான் இருந்தது. இரண்டு வாரம் ராத்திரி ராத்திரி வீடியோ பார்த்துக் கணக்குப் போட்டேன். ஒரு நாள் மனைவி கேட்டாள்: "இதை எடுத்துக்கிட்டு நாம எங்க போகப் போறோம்?" ஜவ்வாது மலை, ஏலகிரி, மழைநாளில் வேளச்சேரி. இதில் எதற்கும் ஐந்து இன்ச் தேவையில்லை. சுமார் ஒரு டன் எடை, ஃபோர் வீல் டிரைவ், லோ கியர் உள்ள வண்டி கம்பெனி உயரத்திலேயே ஏறாத இடம் எனக்குத் தேவைப்படாத இடம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதிவைப் புதுப்பிக்க எனக்கு 11 மாதம்தான் பாக்கி. அந்த பம்பரோடும் உயரத்தோடும் ஆய்வாளர் முன்னால் போய் நிற்க முடியாது.

மூன்றாவது வழியே முடிவானது: பழையபடி கம்பெனி நிலைக்குக் கொண்டுவருவது. பெர்ச்சை அறுத்து எடுத்தால் அச்சுக் கூடான ஹவுசிங் சூட்டில் வளையும் என்று அண்ணன் சொல்லிவிட்டதால் முன்னும் பின்னும் வேறு ஹவுசிங் தேட வேண்டியிருந்தது. பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் நான்கு சனிக்கிழமை அலைந்தேன். கண்ணுக்கு நேராகத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் லேத்தில் வைத்துச் சுற்றினால் நான்கு மில்லிமீட்டர் வளைவு. திருப்பிக் கொடுத்தேன், கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். மூன்றாவதாக எடுத்ததுதான் சரியாக இருந்தது. புதுப்பேட்டை போகிறவர்கள் "லேத்தில் பார்த்துவிட்டுத்தான் முடிவு" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஹவுசிங், பட்டை செட், யு போல்ட், புஷ், பிரேக் ஹோஸ்கள், ஒயரிங், 205/70 டயர், கூலி எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 34 ஆயிரம். பெரிய டயரும் ரிம்மும் பழைய இரும்புக்குப் போட்ட பம்பரும் 41 ஆயிரம் திரும்பக் கொடுத்தன. பம்பர் மட்டும் 62 கிலோ!

எடுக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. இரண்டு அச்சின் காற்றுத் துளைகளான பிரீதர்களிலிருந்தும் ஹோஸ் இழுத்து பானெட்டுக்குள் உயரத்தில் கட்டியிருந்தார்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, தாழ இருக்கும் பிரீதர் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் காபி நிறமாகிவிடும். இந்த ஊருக்கு அவசியமான வேலை, சுத்தமாகவும் செய்திருந்தார்கள். 41-இல் அந்த இரண்டு வட்டத்தை மட்டும் அண்ணன் கையாலேயே அழித்தார்.

*

ஆவடியிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 2012 மஹிந்திரா தார், சிஆர்டிஇ டீசல். இதில் முன்பக்கம் பட்டை கிடையாது, முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பார். முன்னால் வைத்திருந்தவர் அந்தப் பாரின் போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கி மூக்கைத் தூக்கியிருந்தார். ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் இறங்கும். சக்கரம் கீழே இறங்க இடமே மிச்சமில்லை. டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையான பூட் இரண்டும் கிழிந்து கிரீஸ் வெளியே.

நான் புது ஷாக் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரைக்கும் போய்விட்டேன். கடையில் இருந்த பெரியவர் "முதல்ல உயரத்தை அளந்து பாருப்பா" என்று என்னைத் திருப்பி அனுப்பினார். வியாபாரத்தை விட்டுவிட்டு அப்படிச் சொன்ன மனுஷர். அளந்து, போல்ட்டைத் தளர்த்தி, அலைன்மென்ட் பார்த்து, பூட் மாற்றினேன். மொத்தம் ஆறாயிரத்துக்குள் முடிந்தது. ஷாக் இன்னும் பழையதுதான், நன்றாகவே இருக்கிறது.

*

மேலே இருவரும் அதிர்ஷ்டசாலிகள். உங்கள் வண்டியில் கெட்டது இரும்பு. என்னுடையதில் கெட்டது காகிதம்.

மஹிந்திரா எம்எம் 540 ஜீப். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இருப்பது பழைய பியூஜோ டீசல் இன்ஜின் நம்பர். பானெட்டைத் திறந்தால் வேறு இன்ஜின். நன்றாக இழுத்தது, சத்தமும் குறைவு, அதனால் ஆசையாக வாங்கினேன். பெயர் மாற்றத்துக்குப் போனபோது சேஸிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள், பொருந்தியது. இன்ஜின் நம்பர் பொருந்தவில்லை. அனுமதி வாங்கி மாற்றிய இன்ஜின் இல்லை, பில்லும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்? விற்றவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷமாக தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அப்பா ஓட்டிய ஜீப் மாதிரியே ஒன்று வேண்டும் என்றுதான் வாங்கினேன். அவர் அதில் ஒரு தடவைகூட ஏறவில்லை. வாங்கப் போகிறவர்கள் டயரைப் பார்க்கும் முன் பானெட்டைத் திறந்து நம்பரைப் படியுங்கள், தயவுசெய்து.

*

ஜிப்ஸிக்காரன்தான். எம்எம் 540 வைத்திருக்கும் அண்ணனுக்கு: அந்தப் பழைய நம்பர் உள்ள இன்ஜின் பிளாக்கை யாருக்கு விற்றார்கள் என்று கடைசியாக வேலை பார்த்த மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. விற்றவர் போன் எடுக்காவிட்டால் அந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். புதுப்பேட்டையில் கூட அலைய ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இன்னொருவர் வண்டி இப்போது எப்படி என்று கேட்டிருந்தார். போன மாதம் ஜமுனாமரத்தூர் போய் வந்தோம். 80-இல் ஒரு கையால் பிடிக்கலாம், பிரேக் நேராக நிற்கிறது. யு போல்ட்டை மட்டும் 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்கினேன், இரண்டு போல்ட் கால் சுற்று ஏறின. புதுப் பட்டை போட்ட யாரும் இதை மறக்காதீர்கள்.

ஆய்வு இன்னும் ஆறு வாரத்தில். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடியில் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றுகிறோம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் வண்டியோடு வரலாம், அண்ணன் சரி என்று சொல்லிவிட்டார். சாக்பீஸ் டப்பா வாங்கி வைத்திருக்கிறேன்.