புரிச்சிற்பம்: பாலைப் புல்லில் எழும் உருவங்களுக்கு ஒரு சொல்

> பாலைநிலப் புல்லில் செய்த சிற்பங்களை 'நார்ச்சிற்பம்' என்றே போட்டுவிடலாமே?

வணக்கம் ஐயா. இந்தச் சிற்பங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் 'நார்ச்சிற்பம்', 'புல் கைவினை', 'முடைசிற்பம்' என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன.

நார் என்றதும் நமக்கு வாழைநாரும் தென்னைநாரும்தான் தோன்றும், மட்டையிலிருந்து உரித்தெடுப்பது. இவற்றைச் செய்யும் ஆஸ்திரேலியாவின் மையப் பாலைவனத்துப் பழங்குடிப் பெண்கள் எதையும் உரிப்பதில்லை. காய்ந்த புல்லை முழுத்தாளாகவே கொத்துச் சேர்த்து, ரஃபியா என்ற பனையோலை இழையாலோ கம்பளி நூலாலோ சுற்றி இறுக்கி, ஊசியால் தைத்துத் தைத்து வளர்க்கிறார்கள். நாய், பறவை, மனித உருவம் எல்லாம் இப்படித்தான் எழும்புகின்றன. ஈமு இறகும் விதைகளும் அப்புறம் சேர்பவை.

1995-இல் அந்தப் பழங்குடிப் பெண்களின் அமைப்பான என்.பி.ஒய். பெண்கள் மன்றம் நடத்திய கூடைப் பயிற்சியில் தொடங்கியது இது. இன்று ட்ஜான்பி டெசர்ட் வீவர்ஸ் என்ற பெயரில் இயங்குகிறார்கள். 2005-இல் பாப்புலன்குட்ஜா ஊர்ப் பெண்கள் டொயோட்டா வண்டி ஒன்றை அசல் அளவிலேயே புல்லால் செய்து, அந்த நாட்டின் தேசியப் பழங்குடிக் கலை விருதை வென்றார்கள். அப்படிப்பட்ட ஆக்கத்தைப் 'புல் கைவினை' என்று சுருக்குவது அநியாயம். அந்தப் பரிந்துரையை நான் ஏற்கவே மாட்டேன். சிற்பம் என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும்.

'முடைசிற்பம்' காதுக்கு இனிமைதான். ஆனால் முடையும்போது ஓலைகள் ஒன்றுக்கொன்று குறுக்கே மேலும் கீழுமாகப் போய்வரும். இங்கே வேலை வேறு. வைக்கோற்புரியை வட்டமாகச் சுற்றிப் பானைக்கு அடியில் வைக்கிறோமே, புரிமணை, அதற்குத்தான் இது நெருக்கம். அந்தப் பெண்களின் மரபிலேயே தலைச்சுமைக்கு வைக்கும் 'மங்குரி' என்ற வளையம் உண்டு, நம் சும்மாடு போல. ஆகவே செய்முறைக்குப் புரித்தையல், ஆக்கத்துக்குப் புரிச்சிற்பம் என்கிறேன்.

> ஆக்கத்துக்குப் புரிச்சிற்பம் என்கிறேன்.

எனக்கும் பிடித்திருக்கிறது அம்மா. ஒரு தயக்கம் மட்டும்: புரி என்றால் முறுக்கியது. அவர்கள் புல்லை முறுக்காமல் கட்டாகச் சேர்த்துச் சுற்றுகிறார்கள். பெரிய உருவங்களுக்குள் கம்பிக்கூடும் உண்டு. அந்த டொயோட்டாவுக்குள்ளும் இரும்பு இருந்தது. அதனால் இழைச்சிற்பம் என்பதைப் பொதுச்சொல்லாக வைப்போம். புல்லைச் சுற்றித் தைத்து எழுப்புவதை மட்டும் அதன்கீழ் புரிச்சிற்பம் என்று தரலாம். பேச்சில் பிரிமணை என்பதால் சிலர் 'பிரிச்சிற்பம்' என்று எழுதக்கூடும். பொருள் கெட்டுவிடும், விளக்கத்திலேயே புரிமணையைக் குறிப்பிட்டுவிடுங்கள்.