ஈரமானியின் பிழை: துல்லியமா, செப்பமா, கோட்டமா?

நண்பர்களே, வணக்கம்.

காற்றின் ஈரத்தை அளக்கும் சிறிய ஈரமானி ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். கஞ்சா வளர்க்கச் சட்டம் இடம்கொடுக்கும் நாடுகளில், வீட்டில் விளைந்த பூவைக் காயவைத்துக் கண்ணாடிச் சாடியில் அடைத்துப் பாடம் செய்பவர்கள் வாங்கும் மலிவான கருவி இது. சாடிக்குள் ஒப்பு ஈரப்பதம் 58 முதல் 62 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கையேட்டில் இரண்டு எண்கள்: 'ஆக்குரசி ±5' (காட்டும் எண் உண்மை அளவுக்கு எவ்வளவு அருகில்), 'ரிப்பீட்டபிலிட்டி ±1' (மறுபடி மறுபடி அளந்தால் எண் எவ்வளவு மாறும்). இரண்டுக்கும் துல்லியம் என்றே போட்டால் வாசிப்பவர் குழம்பிவிடுவார்.

மூன்று மானிகளை ஒரே சாடியில் போட்டுப் பார்த்தேன். 57, 61, 66. மறுநாள் காலையிலும் அதே 57, 61, 66. மூன்றும் தத்தம் சொல்லை மாற்றவே இல்லை, ஆனால் மூன்றும் உண்மையாக இருக்க முடியாது. 60 என்று நம்பி மூடிய சாடியில் 65-க்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கலாம். இந்த நிலையான விலகலுக்கும் ஒரு சொல் வேண்டும்.
– ந.

> இரண்டுக்கும் துல்லியம் என்றே போட்டால்

பாடநூல்களில் ஆக்குரசிக்குத் துல்லியத்தன்மை, பிரிசிஷனுக்கு (அளவுகள் ஒன்றோடொன்று நெருங்கியிருப்பதற்கு) நுட்பம் என்று இருக்கிறதே? மாணவர்களுக்குப் பழகிய சொற்கள். அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.
– இரா.

துல்லியம் வடசொல். 'துல்ய' என்றால் ஒப்பானது. துலாவும் அதே வேர். நம்மிடம் செப்பம் இருக்க இது எதற்கு? குறள் 118-ஐப் பாருங்கள்: 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்'. கோல் முன்னே தான் சமனாக நின்று, பின்பு தன்மேல் வைத்த பாரத்தை வரையறுக்கிறது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. கேலிபரேஷன், அதாவது தெரிந்த அளவோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிபார்ப்பது, இதுதானே! ஆகவே அது சமன்செய்தல். அடுத்த குறளே 'சொற்கோட்டம் இல்லது செப்பம்' என்கிறது. ஆக்குரசி செப்பம், ந. கேட்ட நிலையான விலகல் (ஆஃப்செட்) கோட்டம். இரண்டு குறளுக்குள் மூன்று சொல்லும் கிடைத்துவிட்டன.
– செ.

செ. ஐயா, அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோட்டம் என்றால் இன்று கோயிலும் நிர்வாகப் பிரிவும்தான் நினைவுக்கு வரும். கையேடு என்ன செய்யச் சொல்கிறது? ஒரு மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டு நீர் விட்டு, ஈரமணல் போலக் குழைக்க வேண்டும். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப்புகாத பையில் வைத்து ஓர் இரவு விட்டால் உள்ளே 75 விழுக்காடு நிற்கும். மானி 80 காட்டினால் 5 கழிக்க வேண்டும். இதைச் செய்பவருக்குப் 'பிழை' என்றாலே போதும்.
– மு.

பிழை போதாது. உப்பு தருவது 75 என்ற ஒரு புள்ளி மட்டுமே. மக்னீசியம் குளோரைடு என்ற வேறோர் உப்பில் அதே சோதனையைச் செய்தால் 33 வரவேண்டும், அங்கே விலகல் 5 ஆக இல்லாமல் 2 ஆகக்கூட இருக்கலாம். போகப் போகச் சாய்கிற விலகல் இது. கோடுதல் என்றால் வளைதல், சாய்தல்தானே? அந்த வகையில் செ. சொல்வது பொருந்துகிறது.

அப்புறம், 'பாடம் செய்தல்' நல்ல தேர்வு. புகையிலைக்கு வழங்கும் சொல் அது. 'பதப்படுத்தல்' என்றால் டப்பாவில் அடைத்த உணவும் அதற்குள் வந்துவிடும்.
– வ.

பாடம் 'படி' என்ற வினையிலிருந்து வந்திருக்குமோ? அடுக்கி அழுத்திப் படியவைப்பதுதானே பாடம்? தனி இழையில் எழுதுகிறேன்.
– செ.

அனைவருக்கும் நன்றி. இப்போதைக்கு: ஆக்குரசிக்குத் துல்லியம் ±5, ரிப்பீட்டபிலிட்டிக்கு நிலைப்பு ±1, ஆஃப்செட்டுக்கு விலகல், கேலிபரேஷனுக்கு அளவுத்திருத்தம். உப்புச் சோதனைப் பக்கத்தில் 'விலகலைக் கழிக்கவும்' என்று எழுதிவிட்டேன். ஒரு புள்ளியில் கண்ட விலகல் 60-க்கு அருகே அப்படியே பொருந்தாமல் போகலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.
– ந.

சரி, அனுப்புங்கள். ஆனால் அளவுத்திருத்தம் என்பதை நான் ஏற்கவில்லை. உப்புப் பையில் நாம் அளவு எதையும் திருத்துவதில்லை, மானி எவ்வளவு கோடியிருக்கிறது என்று அறிகிறோம், அவ்வளவே. அடுத்த பதிப்பு வரும்போது சமன்செய்தலை மறுபடி கேட்பேன்.
– செ.