டைம்அவுட் ஆனதுக்கப்புறம் அந்த வேலை என்ன ஆகுது? ஜாவா ஆளுங்க அனுபவம் சொல்லுங்க

சரவணம்பட்டி ஜாவாக்காரன்:

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஜாவா பேக்எண்ட் பாக்கறவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. அசிங்க்ல (பதில் வர்ற வரைக்கும் நிக்காம அடுத்த வேலையைப் பாக்கற முறை) ஒரு சர்வீஸைக் கூப்பிட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்கற இடத்துல நீங்க பட்டதைச் சொல்லுங்க. முதல்ல நானே ஆரம்பிக்கறேன்.

எங்களுக்குக் கைமாறி வந்த ப்ராஜெக்ட் ஒண்ணு. லோடு எங்கிருந்து எங்கன்னு போட்டா, நாலு டிரான்ஸ்போர்ட் சர்வீஸ்கிட்ட வாடகை கேட்டு ஒரே ஸ்க்ரீன்ல காட்டணும். நாலையும் ஒட்டுக்கா அனுப்பிட்டு, ஃபார் லூப்ல ஒவ்வொரு ஃப்யூச்சருக்கும் (பின்னாடி வரப்போற பதிலுக்கான டோக்கன் மாதிரி) 5 செகண்ட் டைம்அவுட்டோட, அதாவது காத்திருக்கற கெடுவோட, 'கெட்' (பதிலை வாங்கற கட்டளை) எழுதியிருந்தாங்க. படிக்கறப்ப 5 செகண்டுக்கு மேல போகாதுன்னுதான் தோணும். ஆனா ஒவ்வொரு 'கெட்'டும் தன்னோட முறை வந்த நேரத்துல இருந்துதான் 5 எண்ணும். நாலும் படுத்துட்டா 20 செகண்ட். மொத்தத்துக்கும் ஒரே கெடு வேணும்னா எக்ஸிக்யூட்டர்ல (வேலைகளை வாங்கி ஓட்டற பகுதி) டைம்அவுட் வாங்கற 'இன்வோக்ஆல்' ஜாவா 5-ல இருந்தே இருக்குது. நாங்க அதுக்குப் போகாம, ஆரம்பத்துலயே 'நானோடைம்' எடுத்து கெடு குறிச்சிட்டு, மிச்சம் இருக்கற நேரத்தை மட்டும் ஒவ்வொரு 'கெட்'டுக்கும் குடுத்தோம். 'கரண்ட்டைம்மில்லிஸ்' வேண்டாங்க, சர்வர் கடிகாரத்தைத் திருத்தினா கெடுவும் நகரும்.

அது சுலபத்துல முடிஞ்சுது. நிஜத் தலைவலி இதுக்கப்புறம்தான். டைம்அவுட் ஆன பிறகும் அந்த நாலு அழைப்புகளும் பின்னாடி ஓடிட்டே இருந்துச்சு. 'கெட்' டைம்அவுட் எக்ஸெப்ஷனை (பிழை அறிவிப்பை) எறியும், அவ்வளவுதான், வேலையை நிறுத்தாது. சங்ககிரி லாரி ஆபீஸ்ல "இனி காத்திருக்க முடியாது"ன்னு போனை வெச்சுட்டா ரோட்டுல போற லாரி நிக்குமாங்க?

கோபி பையன்:

அண்ணா, ஒரு சந்தேகம். டைம்அவுட் ஆனதும் 'கேன்சல் ட்ரூ' அடிச்சா நின்னுடாதுங்களா?

சரவணம்பட்டி ஜாவாக்காரன்:

எதைக் கேன்சல் பண்றேங்கறதைப் பொறுத்தது தம்பி. எக்ஸிக்யூட்டர்ல 'சப்மிட்' பண்ணி வாங்குன பழைய ஃப்யூச்சர்னா அந்த த்ரெட்டுக்கு (வேலையை ஓட்டற இழைக்கு) இன்டரப்ட், அதாவது 'நிறுத்து'ன்னு ஒரு சைகை போகும். போனாலும் உள்ள ஓடற கோடு அதை மதிக்கணும். பழைய சாக்கெட் ரீட்ல மாட்டிக்கிட்டு நிக்கற த்ரெட் இன்டரப்டைக் காதுலயே வாங்காது.

கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சர்னா (நாமளே பதிலைப் போட்டு முடிக்கக்கூடிய வகை) கதையே வேற. அங்க 'ட்ரூ' குடுத்தாலும் 'ஃபால்ஸ்' குடுத்தாலும் ஒண்ணுதான், டாக்லயே அப்படித்தான் போட்டிருக்குது. ஃப்யூச்சர் கேன்சல் ஆனதா நிக்கும், 'சப்ளைஅசிங்க்'குக்குள்ள விட்ட வேலை அது பாட்டுக்கு ஓடும். ஒரு விதிவிலக்கு: ஜாவாவோட சொந்த எச்டிடிபி கிளையன்ட்ல 'சென்ட்அசிங்க்' திருப்பிக் குடுக்கற ஃப்யூச்சரை ஜாவா 16-ல இருந்து 'கேன்சல் ட்ரூ' பண்ணினா, ரிக்வெஸ்டையே நிறுத்தப் பாக்கும்.

ஈரோடு மஞ்சள்மண்டி:

நாங்க குடோன் ஸ்டாக் சிஸ்டம் பாக்கறமுங்க. கேள்வி ஒரு க்யூவுல போகும், பதில் இன்னொரு க்யூவுல வரும். நடுவுல ஒரு கன்கரன்ட்ஹேஷ்மேப்: ஐடி ஒருபக்கம், அதுக்குக் காத்திருக்கற ஃப்யூச்சர் மறுபக்கம். பதில் வந்தா ஐடியைத் தேடி 'கம்ப்ளீட்' பண்ணிட்டு மேப்ல இருந்து எடுத்துருவோம். ஃப்யூச்சர்மேல 'ஆர்டைம்அவுட்'டும் (கெடுவுக்குள்ள பதில் வரலைன்னா ஃப்யூச்சரைத் தோல்வியா முடிச்சு விடறது) இருந்துச்சு.

காலையில ஸ்டார்ட் பண்ணினா பொழுதோட மெமரி நெறஞ்சு நிக்கும். ஹீப் டம்ப் (மெமரியில இருக்கறதோட நகல்) எடுத்துத் திறந்தா அந்த மேப்தான் மேல உக்காந்திருக்குது. உள்ள இருக்கறது அத்தனையும் எப்பவோ டைம்அவுட் ஆகி முடிஞ்ச ஃப்யூச்சருங்க. பதில் வந்தா எடுக்கறதுக்கு ஆள் உண்டு, வரலைன்னா எடுக்க ஆளில்ல. 'வென்கம்ப்ளீட்'ல மேப்ல இருந்து ஐடியை நீக்கற ஒரே வரி சேத்தோம். நல்லபடியா முடிஞ்சாலும் டைம்அவுட் ஆனாலும் அது ஓடும். அதோட தீந்துச்சு.

இன்னொரு தொல்லையையும் சொல்லிர்றேன். 'ஆர்டைம்அவுட்' எறியற எக்ஸெப்ஷன்ல மெசேஜே கிடையாது, காலி. ஸ்டாக் ட்ரேஸ்லயும் (பிழை எந்தக் கோடு வழியா வந்துச்சுன்னு காட்டற பட்டியல்) ஜாவாவோட சொந்த டைமர் வரிங்கதான் வரும், நம்ம கோடு ஒரு வரி வராது. ராத்திரி லாக் பாக்கறவன் எந்த சர்வீஸ் நின்னுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பான்? அதனால இப்ப எல்லா இடத்துலயும் சர்வீஸ் பேரு, ஐடி, காத்திருந்த நேரம் மூணையும் போட்டு நம்ம எக்ஸெப்ஷனாச் சுத்திக் குடுக்கறோம்.

கரூர் ஹேண்ட்லூம்:

அந்த டைமர் த்ரெட்டு பத்தி நானும் ஒண்ணு. 'கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சர்டிலேஷெட்யூலர்'னு த்ரெட் டம்ப்ல பேரு பாத்திருப்பீங்க. நாங்க வெச்சிருக்கற ஜாவா 17-ல எல்லா 'ஆர்டைம்அவுட்'டுக்கும் அந்த ஒரே த்ரெட்டுதான். ஒருத்தர் 'எக்ஸெப்ஷனலி'க்குள்ள (தோல்வியானா ஓடற பகுதி) டேட்டாபேஸ்ல எழுதற வேலையை வெச்சிருந்தாரு. டைம்அவுட் ஆனா அது அந்த த்ரெட்டுலயே ஓடும். டேட்டாபேஸ் சித்தெ மெதுவானதும் மத்த சர்வீஸ்களோட டைம்அவுட் எல்லாம் தாமதமா அடிக்க ஆரம்பிச்சுது. 2 செகண்ட் போட்டது 9 செகண்டுக்கு அடிச்சுது. 'ஹேண்டில்அசிங்க்' போட்டு நம்ம எக்ஸிக்யூட்டரைக் குடுத்ததும் சரி.

திருப்பூர் பனியன்:

எங்க கதை கொஞ்சம் பெருசுங்க, பொறுத்துக்கோங்க. கம்பெனிகளுக்கு இ-இன்வாய்ஸ் போடற மென்பொருள் எங்களது. 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கறவங்களுக்கும் அது கட்டாயம் ஆச்சில்லீங்களா, அதுக்கப்புறம் சின்ன யூனிட்டுங்க எல்லாம் உள்ள வந்தாங்க. சாயங்காலம் ஆனா லோடு ஏத்திட்டு பில்லுக்கு வண்டி வாசல்ல நிக்கும். எல்லாரும் ஒரே நேரத்துல அனுப்புவாங்க. எங்களுக்கும் அரசாங்க இ-இன்வாய்ஸ் போர்டலுக்கும் நடுவுல ஒரு சர்வீஸ் உண்டு, அது அந்த நேரத்துல இழுக்கும்.

பழைய கோடு என்ன பண்ணுச்சுன்னா, 10 செகண்ட்ல பதில் வரலைன்னா "தோல்வி"ன்னு எழுதி மறுபடி அனுப்பும். முதல் தடவை அனுப்புனது அங்க ஏற்கனவே பதிவாகியிருக்கும். பதில்தான் நம்மகிட்ட வந்து சேரலை. ரெண்டாவது தடவைக்கு 2150ங்கற பிழை எண் வரும், அதாவது டூப்ளிகேட் ஐஆர்என் (இன்வாய்ஸோட பதிவு நம்பர்). கோடு அதையும் தோல்வின்னே எடுத்துக்கும். ஸ்க்ரீன்ல சிவப்பு. பில் போடற அம்மிணி பாத்துட்டு, இன்வாய்ஸ் நம்பரை மாத்திப் புதுசா ஒண்ணு போட்டுரும். இப்ப ஒரே சரக்குக்கு ரெண்டு இன்வாய்ஸ் செல்லுபடியா நிக்கும். கேன்சல் பண்ண 24 மணி நேரம்தான் டைம். அதுக்குள்ள கவனிக்கலைன்னா கிரெடிட் நோட்டு, ஆடிட்டர்னு நீளும்.

நல்லவேளை, ஐஆர்என் உருவாகற விதமே நமக்கு உதவிக்கு நிக்குது. விக்கறவர் ஜிஎஸ்டி நம்பர், டாக்குமென்ட் வகை, நம்பர், நிதியாண்டு நாலையும் வெச்சு வர்ற 64 எழுத்து ஹேஷ் அது. அதே பில்லை எத்தனை தடவை அனுப்புனாலும் ஐஆர்என் ஒண்ணுதான். அதனால இப்ப டைம்அவுட் ஆனா "தோல்வி"ன்னு எழுதறதே இல்லை, "தெரியலை"ன்னு ஒரு மூணாவது நிலை வெச்சிருக்கோம். ஸ்க்ரீன்ல மஞ்சள். அந்த நிலையில இன்வாய்ஸ் நம்பரை யாரும் மாத்த முடியாது. பின்னாடி ஒரு ஜாப் டாக்குமென்ட் விவரத்தை வெச்சுப் போர்டல்ல கேட்டுப் பாக்கும், பதிவாகியிருந்தா எடுத்துக்கும். 2150 வந்தாலும் அதே வழிதான்.

பணம் கட்டற சர்வீஸ், எஸ்எம்எஸ் சர்வீஸ் வெச்சிருக்கறவங்க கவனிங்க. உங்களுக்கு இந்த ஹேஷ் மாதிரி எதுவும் சும்மா கிடைக்காது. நீங்களே ரிக்வெஸ்டுக்கு ஒரு சாவி போட்டு, மறுமுயற்சியிலயும் அதே சாவியை அனுப்பணும், எதிர்ப்பக்கமும் அதை மதிக்கணும். அது இல்லாம ரீட்ரை போடறது எனக்கு ஒப்பாது.

பொள்ளாச்சி தேங்காய்:

திருப்பூர் அண்ணா சொன்ன "தெரியலை" நிலை நல்லா இருக்குதுங்க. லேட்டா வர்ற பதிலைப் பிடிக்கறது பத்தி நான் சொல்றேன்.

கொப்பரை விலை எடுக்கற சர்வீஸ் எங்களது. ஒரே நேரத்துல பத்துப் பேர் கேட்டாலும் ஒரு அழைப்புதான் போகணும்னு, ஓடிட்டிருக்கற ஃப்யூச்சரைக் கேஷ்ல (தற்காலிகச் சேமிப்புல) வெச்சு எல்லாருக்கும் அதையே குடுத்தோம். கெடு மொபைல் ஸ்க்ரீனுக்கு 300 மில்லிசெகண்ட், ரிப்போர்ட்டுக்கு 5 செகண்ட். ரிப்போர்ட் ஏன் 300 மில்லிசெகண்ட்லயே விழுதுன்னு யாருக்கும் புரியலை. 'ஆர்டைம்அவுட்' புது ஃப்யூச்சர் எதையும் உண்டாக்கறதில்லை, அதே ஃப்யூச்சரையேதான் திருப்பிக் குடுக்குது. மொபைல்காரன் கெடு முடிஞ்சா எல்லாருக்கும் முடிஞ்சுது.

'ஆர்டைம்அவுட்' வந்த அதே ஜாவா 9-ல 'காப்பி'ன்னு ஒரு மெத்தட் சேர்ந்து வந்துச்சு. இப்ப காப்பி எடுத்து அதுமேல டைம்அவுட் போடறோம். மூல ஃப்யூச்சர் அப்படியே இருக்கும். அதுமேல ஒரு 'வென்கம்ப்ளீட்' வெச்சிருக்கறதால பதில் எப்ப வந்தாலும் விலையைக் கேஷ்ல போட்டுருது. ஆனா ஒண்ணு, மூலத்துக்கும் ஒரு பெரிய கெடு வேணும். எங்க எச்டிடிபி கிளையன்ட்டுக்கு ரிக்வெஸ்ட் டைம்அவுட் நாம போடலைன்னா அதுவாப் போட்டுக்காது, என்னைக்கும் காத்திருக்கும்.

மேட்டுப்பாளையம் ரோடு:

இத்தனை எதுக்குங்க? எல்லாத்துக்கும் 30 செகண்ட் போட்டா ஆகாதா?

சரவணம்பட்டி ஜாவாக்காரன்:

ஆகாதுங்க, அந்த 30 ஏற்கனவே வேற இடத்துலயும் இருக்குது. சர்வ்லெட் (வெப் ரிக்வெஸ்டை வாங்கிப் பதில் சொல்ற ஜாவா பகுதி) அசிங்க் கான்டெக்ஸ்டுக்கு நாம எதுவும் சொல்லலைன்னா 30,000 மில்லிசெகண்ட். உள்ள இருக்கற அழைப்புக்கும் 30 போட்டா எது முந்தும்னு சொல்ல முடியாது. வெளியது முந்தினா நம்ம மாத்துப் பதிலை அனுப்பவே வழியில்லாமப் போகும். உள்ள இருக்கறது எப்பவும் சின்னதா இருக்கணும். எஞ்சினெக்ஸ்ங்கற வெப் சர்வர் முன்னாடி இருந்தா அது வழக்கமா 60 செகண்ட் பொறுக்கும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, எச்டிடிபியுஆர்எல்கனெக்ஷன்ல (ஜாவாவோட பழைய எச்டிடிபி கிளையன்ட்) 'ரீட் டைம்அவுட்' மொத்தப் பதிலுக்கும் இல்லைங்க, ஒவ்வொரு ரீடுக்கும். 5 போட்டிருந்தாலும், எதிர்ப்பக்கம் 4 செகண்டுக்கு ஒரு தடவை நாலு பைட் சொட்டிட்டே இருந்தா நிமிஷக்கணக்குல இழுக்கும், டைம்அவுட் அடிக்காது. மொத்தத்துக்கும் கெடு வேணும்னா மேல தனியாப் போடணும்.

கோபி பையன்:

இதையெல்லாம் டெஸ்ட் எழுதறது எப்படிங்ணா? எங்க டீம்ல 'த்ரெட் ஸ்லீப்' போட்டு வெச்சிருக்காங்க, பில்டு ஓடி முடியறதுக்குள்ள டீ குடிச்சுட்டே வந்துரலாம்.

பொள்ளாச்சி தேங்காய்:

ஸ்லீப் வேண்டாம் தம்பி. மாக் சர்வீஸ் (டெஸ்டுக்கான போலி சர்வீஸ்) ஒரு காலி கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சரைத் திருப்பட்டும். அதை யாரும் 'கம்ப்ளீட்' பண்ணலைன்னா அதைவிட மெதுவான சர்வீஸ் உலகத்துல கிடையாது. டைம்அவுட்டை டெஸ்ட்ல 50 மில்லிசெகண்டா வெச்சு, மாத்துப் பதில் வருதான்னு பாரு. அப்புறம் அதே ஃப்யூச்சரை 'கம்ப்ளீட்' பண்ணி, லேட்டா வந்த பதில் கேஷ்க்குப் போய்ச் சேருதான்னு பாரு. ஈரோட்டுக்காரரு மாதிரி மேப் வெச்சிருந்தா அது காலியா இருக்குதான்னு ஒரு அசர்ட் (சரிபார்ப்பு). 'ஜாயின்' பண்ணினா கம்ப்ளீஷன் எக்ஸெப்ஷன், 'கெட்' பண்ணினா எக்ஸிக்யூஷன் எக்ஸெப்ஷன், ரெண்டுலயும் டைம்அவுட் உள்ள காஸ்ல (காரணமா வெச்சிருக்கற பிழையில) ஒளிஞ்சிருக்கும். அசர்ட்டை அந்தக் காஸ்மேல வெய்யி.