என்ஃபீல்டு பேய் வழக்கு: சொல் தேர்வில் உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். 1977 ஆகஸ்டில் வட லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கிய அமானுஷ்ய நிகழ்வுகளைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். மேசை நாற்காலிகள் தாமாக நகர்ந்ததாகவும், 11 வயதுச் சிறுமியின் தொண்டையிலிருந்து கிழவர் ஒருவரின் கரகரத்த குரல் வந்ததாகவும் சொல்லப்பட்ட அவ்வீட்டிற்கு அமானுஷ்ய ஆய்வாளர்களான மாரிஸ் கிராஸும் கை லயன் பிளேஃபேரும் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஓராண்டுக்கும் மேலாகச் சென்று வந்தனர். அப்போதும் அக்குரல் வருகிறதா என்று, சிறுமியின் வாயில் தண்ணீரை நிரப்பச் சொல்லிக்கூடச் சோதித்தார்கள். உடன் ஆராய்ந்த அனிதா கிரிகரிக்கோ, பெரும்பகுதி பிள்ளைகளின் குறும்பாகவே பட்டது. (எனக்கும் அவர் பக்கமே சாய்வு.)

அமெரிக்காவின் பேய் ஆய்வாளர்களான எட் வாரன், லொரெய்ன் வாரன் தம்பதியர் இதே வழக்கில், மனிதராக ஒருபோதும் வாழ்ந்திராத தீய சக்தியைக் கண்டார்கள். அவ்வகைக்கு அவர்கள் நம்பிய மருந்து, ஜெபமும் பாதிரியாரின் பேயோட்டுதலும்தான்.

இங்குதான் தடுமாறுகிறேன். இறந்தவரின் ஆவியையும் இந்தத் தீய சக்தியையும் பிரித்துக்காட்ட 'பேய்', 'பிசாசு' என்று எழுதினால் வாசகர் வேறுபாட்டை உணர்வாரா? பொருள்களை வீசும் 'போல்டர்கைஸ்ட்' என்பதற்குக் 'குட்டிச்சாத்தான்' பொருந்துவதாகத் தோன்றினாலும், அதில் யாரோ ஏவிவிட்டார்கள் என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறதே! தகுந்த சொற்களை எடுத்துக்காட்டுடன் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.