பெட்ரோல் பங்க் எதை நம்பலாம்? அளந்தவர்கள் சொல்லுங்க

இந்தியன் ஆயில், பாரத், எச்பி மூணுமே ஒருத்தர் டெர்மினல்ல (எரிபொருள் கிடங்கு) இன்னொருத்தர் சரக்கு எடுக்கிறதுண்டு. பிராண்டைவிட பங்க்கின் நிலத்தடி டேங்க்தான் முக்கியம்னு நினைக்கிறேன். இ20ல (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) தண்ணி இறங்கினா எத்தனால் அதோட சேர்ந்து அடியில பிரிஞ்சிடும், வண்டி திணறும். மழைக்காலத்துல இது கூடுதல்.

உதவி வேணும்: ஒரே பங்க்கில், நாசில் தானா நிக்கிற வரை ஃபுல் டேங்க், மறுபடி அதே மாதிரி ஃபுல், இடையில ஓடின கிலோமீட்டர். இப்படி அளந்த மைலேஜ் மட்டும் போடுங்க. டயர் காற்றையும் சொல்லுங்க, அது குறைஞ்சாலே கணக்கு கெட்டுடும்.

பெட்ரோலோட டென்சிட்டி (அடர்த்தி) பார்த்திருந்தா 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றின அளவு வேணும். பங்க் பதிவேட்டுல இருக்கிற டென்சிட்டியோட கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல வித்தியாசம் வந்ததா? போடுற அளவு சரியான்னு பார்க்க 5 லிட்டர் அளவுக் குடுவை கேட்டப்ப கொடுத்தாங்களா, மழுப்பினாங்களா?