மனைத் திட்டம் கட்டுபடியாகுமா? கணக்குப் போடும்போது கவனித்தவை

சிங்கப்பூரில் நிலம் வாங்கி வீடுகள் கட்டி விற்கும் திட்டமா? நிலத்தின் விலையிலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள். விற்பனைத் தொகையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கட்டுமானம், நிபுணர் கட்டணம், வட்டி, முகவர் செலவு, வரி, லாபம் எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் நிலத்துக்குக் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை.

5,000 சதுர மீட்டர் மனை, பிளாட் ரேஷியோ (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2.8 என்று வைத்துக்கொள்வோம். எல்லா மாடிகளையும் சேர்த்த தளப்பரப்பு 14,000 சதுர மீட்டர், ஏறத்தாழ 150,700 சதுர அடி. நகர மையப் பகுதிக்கு வெளியே என்றால், அதிகபட்சம் எத்தனை வீடு கட்டலாம் என்பதற்குத் தளப்பரப்பின் சதுர மீட்டரை 85ஆல் வகுக்க வேண்டும்: 164 வீடுகள்தான். சில இடங்களில் 100ஆல் வகுக்கச் சொல்வார்கள். சின்ன வீடுகளை நிறையப் போட்டுச் சதுர அடி விலையை ஏற்றும் திட்டம் இங்கேயே அடிபட்டுவிடும்.

அத்தனை பரப்பையும் விற்கவும் முடியாது. 90 விழுக்காடு தேறும் என்று வைத்தால் 135,600 சதுர அடி. பழைய திட்டங்களின் விகிதத்தை அப்படியே எடுத்துப் போடுவதுதான் இங்கே அதிகம் பார்க்கும் தவறு. அப்போது ஏர்கான் திட்டு (ஏர்கான் இயந்திரம் வைக்கும் வெளித்திட்டு) தளப்பரப்பில் சேராது, ஆனால் விற்கும் பரப்பில் சேர்ந்தது. 2023 ஜூன் 1 முதல் விற்கும் பரப்பெல்லாம் தளப்பரப்பிலும் சேர்கிறது.

*

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சதுர அடி 2,200 சிங்கப்பூர் வெள்ளி என்றால் விற்பனை 298 மில்லியன். 12 விழுக்காடு லாபம் என்றால் 36 மில்லியன். விலை 5 விழுக்காடு இறங்கினால் அதில் 15 மில்லியன் போய்விடும்; செலவு பெரிதாகக் குறையாது.

அதைவிடப் பெரிய ஆபத்து காலக்கெடு. வீடு கட்டி விற்க நிலம் வாங்கும் நிறுவனத்துக்குக் கூடுதல் முத்திரை வரி நில விலையில் 40 விழுக்காடு; அதில் 5 திரும்பாது. மீதி 35க்கு விலக்கு உண்டு. ஆனால் பொதுவாக 5 ஆண்டுக்குள் எல்லா வீடுகளையும் விற்றாக வேண்டும். நிலம் 120 மில்லியன் என்றால் அந்த 35 விழுக்காடே 42 மில்லியன். கெடு தவறினால் அது மொத்த லாபத்தையும் விழுங்கும். 90 விழுக்காடாவது விற்றிருந்தால் 2024 பிப்ரவரி முதல் சுமை குறைகிறது, அவ்வளவுதான். ஆகவே மாதத்துக்கு எத்தனை வீடு விற்கும் என்பதை, விலையைக் கணிக்கும் அதே கவனத்தோடு கணியுங்கள்.

*

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. வீட்டு விற்பனைக்குப் பொருள் சேவை வரி இல்லை. அதனால் கட்டுமான ஒப்பந்தக்காரர் பில்லில் வரும் 9 விழுக்காட்டைத் திரும்பப் பெற முடியாது. அது செலவுதான். அடுத்து, கட்டடம் எழும்ப எழும்பப் படிப்படியாகப் பணம் செலுத்தும் வழக்கமான முறையில் வாங்குபவரின் பணத்தில் 25 விழுக்காடு தற்காலிகக் குடியிருப்பு அனுமதி (வீட்டில் குடியேறலாம் என்ற அனுமதி) கிடைத்த பிறகுதான் வரும், கடைசி 15 அதற்கும் பிறகு. ஆகவே வட்டியை ஆண்டுச் சராசரியில் போடாமல் காலாண்டு வாரியாகப் போட்டு, கடன் எந்தக் காலாண்டில் உச்சம் தொடுகிறது என்று பாருங்கள். வங்கி கேட்கும் முதல் எண் அதுதான்.